பிரிட்ஜுக்குள் கொஞ்சம் பூம்பாறை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து கிளம்பும்போது மாமா ஒரு மஞ்சப்பை நிறையப் பூண்டு கட்டிக் கொடுத்தார். அப்போதுதான் தோட்டத்தில் பிடுங்கி, தாளோடு முடிச்சுப் போட்டு, அடுப்படி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்த புதுப்பூண்டு. ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் ஆகட்டும் என்று அவர் கொடுத்ததை நான் திண்டுக்கல் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? பன்னிரண்டு குரோபேக், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் வாங்கி, ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பல் பல்லாக உதிர்த்து நட்டேன்.

முளைக்கவே மூன்று வாரம் ஆயிற்று. அப்புறம் தாள் விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது. வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன், ஐப்பசி மழைக்குப் பைகளை இழுத்து ஓரமாக வைத்தேன். தை பிறக்கும் முன் பிடுங்கிப் பார்த்தால் பத்துப் பையில் கிழங்கே இல்லை. வெங்காயத்தாள் மாதிரி நீளமாகத் தாள், அடியில் விரல் தடிமனுக்கு ஒரு வெள்ளைத் தண்டு, அவ்வளவுதான். மீதி இரண்டு பையில் மட்டும் கோலிக்குண்டு அளவில் உருண்டையாக ஒன்று இருந்தது. தோலை உரித்தால் உள்ளே ஒரே பல்.

ஒத்தப்பல் பூண்டு! கொடைக்கானல் கடைகளில் அதைத் தனியாகக் கூடையில் வைத்து, மருந்து என்று சொல்லி, சாதாரணப் பூண்டைவிடக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். பொங்கலுக்கு வந்த மாமாவிடம் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது வெளஞ்சது இல்ல மாப்ள. பல்லுப் பிரிய மறந்துபோச்சு.”

“ஏன் மாமா?”

“வெதைப்பூண்டு குளிரு பாத்திருக்கணும். நீங்க நட்டது குளிரே பாக்காத பூண்டு. அதுக்கு எப்படித் தெரியும், எப்பப் பிரியணும்னு?”

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பூண்டுப் பல் நடுவதற்கு முன்போ, இளஞ்செடியாக இருக்கும்போதோ சில வாரங்கள் நல்ல குளிரில் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு பகல் நீண்டு வெப்பமும் கொஞ்சம் ஏறினால்தான் அடித்தண்டு பருத்து, உள்ளே பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாமல் போனாலும், நட்ட பல் ரொம்பச் சின்னதாக இருந்தாலும், ஒரே உருண்டையாக நின்றுவிடும். கொடைக்கானல் டவுன் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். திண்டுக்கல் 300-க்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டாலே இரண்டு ஊருக்கும் நடுவே பதினோரு பன்னிரண்டு டிகிரி நிற்கிறது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மண், தண்ணீர், மருத்துவக் குணம் என்று எல்லாவற்றையும் பேசினோம். அந்தப் பன்னிரண்டு டிகிரியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் எனக்கு மாட்டிக்கொண்டது மாமாவின் ஒரு வார்த்தை. ‘பாத்திருக்கணும்’ என்றாரே, எதை வைத்துப் பார்க்கும்? நமக்குத் தோல் இருக்கிறது, நரம்பு இருக்கிறது, குளிர்ந்தால் மண்டைக்குள் மணி அடிக்கிறது. பூண்டுப் பல்லுக்குள் தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது?

பதிலில் பாதி அத்தையின் அடுப்படியிலேயே இருந்தது. மார்கழியில் பூம்பாறை வீட்டுக்குப் போனால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று கல்லாகக் கிடக்கும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் அடுப்புத் திண்டில் கால் மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் மட்டும் எப்போதும்போல ஊற்றினால் ஊற்றும். இரண்டுமே கொழுப்புதான். தேங்காய் எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் நேர்க்கோடாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும், அதனால் 24 டிகிரியிலேயே இறுகிவிடுகிறது. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் நடுநடுவே வளைவு உண்டு. விறகுக்கட்டில் நாலு கோணல் கட்டையைச் செருகினால் கட்டு நெருங்காது இல்லையா, அது மாதிரி.

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இருக்கும் சவ்வும் கொழுப்புதான். குளிர்ந்தால் அது இறுகும். இறுகும்போது சவ்வில் பதிந்திருக்கும் சின்னச் சின்ன வாசல்கள் திறந்து, வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் முதல் சேதி. எடின்பரோவில் ஆய்வாளர்கள் 1991-ல் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார்கள். ஒரு ஜெல்லி மீனுக்குள் கால்சியம் பட்டால் ஒளிவிடும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, குளிர்ந்த நீரைக் காட்டினார்கள். செடி உடனே ஒளிவிட்டது. வெறும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு இல்லை, கருவி வைத்துத்தான் பிடித்தார்கள். ஆனாலும் நினைத்துப் பாருங்கள்: குளிர் பட்டதும் செடி ‘ஆ’ என்றது, அந்த ‘ஆ’ வெளிச்சமாக வெளியே வந்தது.

அப்புறம் செடி என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். தேங்காய் எண்ணெயாக இருக்கும் சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லெண்ணெயாக மாற்றிக்கொள்கிறது. நேரான சங்கிலிகளில் வளைவு போடுவதற்கென்றே நொதிகள் உண்டு. நாம் ஸ்வெட்டர் போடுகிறோம், அது எண்ணெயை மாற்றுகிறது.

வெப்பத்துக்குச் செடி அசைவதைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் ஃபரீத்பூரில் ஒரு பேரீச்ச மரம். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் தலை தாழ்த்திக் கும்பிடும், காலையில் நிமிர்ந்துவிடும் என்று ஊர் ஊராக ஜனங்கள் வந்து படையல் வைத்தார்கள். ஜகதீச சந்திர போஸ் 1910-களில் அந்த மரத்தில் தன் கருவியை மாட்டி இரவு பகலாகப் பதிவு எடுத்தார். வெயில் ஏற ஏற மரம் தாழ்ந்தது, குளிரக் குளிர நிமிர்ந்தது. பக்தியாகத் தெரிந்தது வெப்பமானிக் கோட்டின் நிழல்தான். நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனாலும் இந்தக் கதையில் என் ஓட்டு போஸுக்கு.

சரி, பூம்பாறைக்கு வருவோம். போன மார்கழியில் ஒரு விடியற்காலை. வராண்டாத் தூணில் நான் மாட்டி வைத்திருந்த தெர்மாமீட்டர் மூன்று டிகிரி காட்டியது. கீழே இறங்கிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. மூன்று டிகிரியில் எப்படி உறையும் என்று முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். கருவி சரிதான், நான்தான் தப்பான உயரத்தில் மாட்டியிருந்தேன். மேகமோ காற்றோ இல்லாத இரவில் இலை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிட இன்னும் சில டிகிரி கீழே போய்விடும். போதாததற்குக் குளிர்ந்த காற்று கனம் என்பதால் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலில் ஏரிக்கரையும் ஜிம்கானா பகுதியும் வெளுத்துக் கிடக்கும்போது, மேட்டு வீடுகளில் ஒன்றும் இல்லாமல் இருப்பது இதனால்தான்.

மாமாவின் படிக்கட்டு வயலில் கீழ்ப்படியில் மூன்று வரிசை பீன்ஸ், அதற்கு மேல் பூண்டு. குனிந்து பார்த்தேன். பூண்டுத் தாளின் விளிம்பில் வரிசையாக ஊசி ஊசியாகப் பனி நின்றது, பூரான் கால் மாதிரி. விரல் வைத்ததும் கரைந்து அந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீன்ஸ் இலையிலும் அதே வெள்ளைதான். ஆனால் எட்டு மணிக்கு வெயில் எதிர்மலையைத் தாண்டி வயலில் விழுந்ததும் நிலைமை மாறியது. வெள்ளை போய், இலை கரும்பச்சையாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ ஆரம்பித்தது. தொட்டால் வெந்த கீரை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு கசிந்தது. மத்தியானத்துக்குள் மூன்று வரிசையும் கருகித் தொங்கியது.

இந்தத் தண்ணீர்தான் விஷயம். பனிக்கட்டி முதலில் செல்லுக்குள் உண்டாவதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் சந்தில் உண்டாகிறது. உண்டானதும் அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. செல் சுருங்கி, வற்றி, சவ்வு கிழிகிறது. வெயில் வந்து கட்டி கரையும்போது அந்த நீருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, அதுதான் சொட்டுகிறது. உறைபனியில் செத்த பீன்ஸ் உண்மையில் தாகத்தில் செத்தது.

அதே இரவில் பூண்டு எப்படித் தப்பியது? கார்த்திகையிலிருந்தே அது தயாராகிக்கொண்டிருந்தது. இப்படிக் குளிர்ப் பழக்கம் ஏறுவதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாமாஷோவின் குழு தொண்ணூறுகளில் கடுகுக் குடும்பத்துக் களைச்செடி ஒன்றில் பிரித்துக் காட்டியது. குளிர் பட்ட கால் மணி நேரத்துக்குள் சில தலைமை மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் அவை நூற்றுக்கணக்கான மற்ற மரபணுக்களை எழுப்புகின்றன. நாள் கணக்கில் இது நடக்க நடக்க செல்லுக்குள் சர்க்கரை சேர்கிறது, சவ்வைத் தாங்கும் புரதங்கள் சேர்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது, எளிதில் வெளியேயும் போகாது. மலைக் கேரட் பனிக்காலத்தில் இனிப்பதற்கும் இதில் பங்குண்டு. பிரிட்ஜில் ரொம்ப நாள் வைத்த உருளைக்கிழங்கு இனிப்புத் தட்டி, வறுத்தால் சட்டென்று கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாகிறது. பீன்ஸின் பூர்வீகம் வெப்பமான அமெரிக்கப் பகுதிகள், அதன் பாட்டன் பூட்டன் யாரும் இந்தப் பாடம் படிக்கவில்லை. பூண்டு மத்திய ஆசியாவிலிருந்து வந்தது, பனி அதற்குப் பழைய சொந்தம்.

அன்றைக்கு மாமா விடிவதற்கு முன்பே ஸ்பிரிங்லரைத் திறந்துவிட்டிருக்க வேண்டியது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. “வெயில் படுறதுக்கு முந்தி பனியக் கழுவி விட்ரணும், இல்லன்னா பொசுக்கிரும்” என்பார். அதில் கணக்கும் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடும். தெளித்துக்கொண்டே இருந்தால் அந்த வெப்பம் இலையைப் பூஜ்ஜியத்தை ஒட்டியே பிடித்து வைக்கும். பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து.

இதெல்லாம் குளிரின் பக்கம். இதமான வெப்பத்தைச் செடி எப்படி அறிகிறது என்பதற்கு விடை 2016-ல்தான் வந்தது, அதுவும் எதிர்பாராத ஆளிடமிருந்து. கேம்பிரிட்ஜில் பிலிப் விக் குழுவும், பியூனஸ் அயர்ஸில் ஹோர்ஹே கசால் குழுவும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். செடியின் கண் என்று நெடுநாளாகத் தெரிந்த ஃபைட்டோகுரோம் என்ற புரதம்தான் வெப்பமானியும்கூட. பகலில் சிவப்பு ஒளி பட்டு அது முறுக்கேறுகிறது. முறுக்கேறிய நிலையில் செடியின் உயர வளர்ச்சிக்கு பிரேக் போடுகிறது. இருட்டில் அந்த முறுக்கு தானாக மெதுவாகத் தளரும். எவ்வளவு வேகமாகத் தளரும் என்பது அந்த இரவின் வெப்பத்தைப் பொறுத்தது. வெக்கையான இரவில் சீக்கிரம் தளர்ந்துவிடும், பிரேக் விடுபடும், தண்டு நெடுநெடுவென்று போகும். குளிர்ந்த இரவில் விடியும் வரை பிரேக் பிடித்தே இருக்கும், செடி குட்டையாக, திண்ணென்று இருக்கும்.

இதைப் படித்த அன்று என் மொட்டைமாடியைத்தான் நினைத்தேன். பச்சை வலை கட்டி நான் காப்பாற்றியது பகலை. பகலெல்லாம் வெந்த கான்கிரீட் தளம் இரவு முழுக்கச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கோடையில் நாற்றுத்தட்டில் தக்காளி ஏன் நூல் நூலாக நீளுகிறது என்று கேட்கிறவர்களுக்கு வெளிச்சம் குறைவு, நைட்ரஜன் அதிகம் என்று எல்லாரும் பதில் சொல்வோம். ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்பதில்லை.

ஆனால் என் பூண்டுப் பிரச்சினை இது எதுவும் முழுசாகத் தீர்க்காத பிரச்சினை. சவ்வு இறுகுவது ஒரு நொடியில், ஃபைட்டோகுரோம் தளர்வது ஒரு இரவில். பூண்டுக்கோ வாரக்கணக்கில் குளிர் வேண்டும். அப்படியென்றால் எங்கேயோ நினைவு இருக்கிறது, கணக்கு எழுதப்படுகிறது.

சில செடிகள் பூக்க நீண்ட குளிர் வேண்டும் என்று சொல்லும் ‘தட்பப்பதனம்’ பிளஸ் டூ தாவரவியலில் ஒரு பாடமாக இருந்தது. மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனது. ஜெர்மானியரான குஸ்தவ் காஸ்னர் 1918-ல் குளிர்கால ரை தானியத்தை முளையிலேயே குளிரில் வைத்தால் வசந்தத்தில் விதைத்தாலும் கதிர் பிடிக்கும் என்று காட்டினார். பத்து வருடம் கழித்து சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் ஆய்வாளர் அதையே கையில் எடுத்து, இந்தக் குளிர்ப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் விதை வழியே போகும் என்று அடித்துச் சொன்னார். ஸ்டாலின் ஆதரவு அவருக்கு. எதிர்த்த விஞ்ஞானி வாவிலோவ் 1943-ல் சரதோவ் சிறையில் இறந்தார். குளிர் பட்ட விதையின் பெயரால் இத்தனை நடந்திருக்கிறது. அந்தப் பாடத்தில் இதைச் சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

லைசென்கோ சொன்னது தப்பு. நினைவு உண்டு, ஆனால் ஒரு பிறவிக்கு மட்டும்தான். விதை உண்டாகும்போது பலகை துடைக்கப்படும், பிள்ளைச் செடி தன் குளிரைத் தானே அனுபவிக்க வேண்டும். இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் பல பத்து வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்தார். 2020-ல் அவருக்கு வுல்ஃப் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்டதும் மேலே சொன்ன அதே களைச்செடிதான். அதற்குள் ஒரு மரபணு பூக்கவிடாமல் காவல் நிற்கிறது. குளிர் நீள நீள அந்தக் காவல் அடங்குகிறது. எப்படி அடங்குகிறது என்பதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். விளக்கின் திரியை இறக்குவதுபோல எல்லா செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக, ஒரேயடியாக அணைத்துவிடுகிறது. இரண்டு வாரக் குளிரில் கொஞ்சம் செல்கள், ஆறு வாரத்தில் பெரும்பாலான செல்கள். ஓட்டு எண்ணிக்கை மாதிரி. ஒரு செல்லுக்கு ஒரு ஓட்டு, பாதி ஓட்டு கிடையாது. அணைத்த செல் பிறகு வெயில் வந்தாலும் மாற்றிப் போடாது. அதிலிருந்து பிரிந்து பிறக்கும் செல்களும் அணைந்தே பிறக்கும். குளிர் என்றைக்கோ முடிந்திருக்கும், மொத்த ஓட்டு மட்டும் செடியிடம் பத்திரமாக இருக்கும்.

பூண்டு கடுகுக் குடும்பம் இல்லை, அதன் உள்கம்பிகள் வேறு. பூண்டில் நடப்பது பூப்பதும் இல்லை, பல் பிரிவது. ஆனால் ஒரு குளிர் இரவுக்கு மசியாமல் வாரக்கணக்கில் எண்ணுகிற புத்தி இரண்டுக்கும் பொது. அந்தக் களைச்செடியின் நெருங்கிய சொந்தக்காரர் முட்டைக்கோஸ். மாமா வயலில் பறிக்காமல் விட்ட ஒன்றிரண்டு கோஸ் பனிக்காலம் தாண்டியதும் நடுவே வெடித்து, தண்டு நீட்டி, மஞ்சளாகப் பூக்கும். சமவெளியில் அதே கோஸை எவ்வளவு நாள் விட்டாலும் அழுகுமே தவிரப் பூக்காது. அத்தை அந்த மஞ்சள் பூவைப் பறித்துப் பருப்பில் போட்டுவிடுவாள். நன்றாகவே இருக்கும்.

சரி, எண்ணுவதற்குக் குளிர்தானே வேண்டும், மலை வேண்டும் என்று யார் சொன்னது? மறுவருடம் ஐப்பசியில் பூம்பாறைப் பூண்டில் பெரிய பல்லாகப் பார்த்து எடுத்து, காகிதப் பையில் போட்டு, பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். நாற்பத்தைந்து நாள். மூன்றாவது வாரமே வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. “இட்லி மாவு, பால், பிள்ளையோட சாக்லேட் எல்லாத்துலயும் பூண்டு வாடை. இது பிரிட்ஜா, ஒங்க ஆராய்ச்சி ரூமா?” என்றாள் மனைவி. அவள் பூம்பாறையில் பிறந்தவள், பூண்டு வாடையிலேயே வளர்ந்தவள் என்பதை எடுத்துச் சொன்னேன். அது உதவவில்லை.

கார்த்திகைக் கடைசியில் நட்டேன். இந்த முறை பைகளைக் கான்கிரீட்டில் வைக்காமல் பலகை போட்டுத் தூக்கி வைத்தேன். நாலே நாளில் எல்லாம் முளைத்தன. பங்குனியில் பிடுங்கினால் பன்னிரண்டு பையில் ஏழில் கிழங்கு! எலுமிச்சையை விடச் சின்னதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்று பல், நாலு பல், ஒன்றில் ஐந்து. தோல் இளஞ்சிவப்பு. மற்ற ஐந்திலும் பழையபடி தாள் மட்டும். ஓட்டு பத்தவில்லை போல.

ஏழில் பெரியதை எடுத்துக்கொண்டு பூம்பாறைக்குப் போனேன். மாமா வேலப்பர் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பூண்டை வாங்கி, ஒவ்வொரு பல்லாக நகத்தால் பிரித்து எண்ணினார்.

“பிரிட்ஜுலயா?”

“ஆமா மாமா. நாப்பத்தஞ்சு நாள்.”

ஒரு பல்லை உரித்து வாயில் போட்டு மென்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“பல்லுப் பிரிஞ்சிருக்கு. காரம் ஏறல மாப்ள.”

இந்த வருடம் அறுபது நாள் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வாடை வராமல் இருக்கக் காகிதப் பையை ஒரு பழைய எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தே விட்டிருக்கிறேன். மூடியில் தேதி எழுதி ஒட்டியிருந்தேன். நேற்று பார்த்தால் அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: ‘இன்றோடு 31. பால் இன்னும் நாறுது.’